நடந்தால் ஓடும் பாக்கெட் கடிகாரம்

கைக்கடிகாரத்தின் ஓரத்தில் இருக்கும் குமிழைத் திருகுவதை நாம் இன்றும் ‘சாவி கொடுப்பது’ என்றுதான் சொல்கிறோம். கையில் சாவி எதுவும் இல்லை. பேச்சில் மட்டும் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்துக்கு நிஜமாகவே சாவி போட்டு முடுக்கிய நாளில் ஒட்டிக்கொண்ட வழக்கு இது. ஐரோப்பாவில் பாக்கெட் கடிகாரங்களும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் வசதியுள்ள ஒருவர் படுக்கப் போகும் முன் கடிகாரத்தை வெளியே எடுப்பார், மூடியைத் திறப்பார், சங்கிலியில் தொங்கும் சுண்டுவிரல் நகத்தளவு சாவியை ஒரு துளையில் நுழைத்துத் திருகுவார். ஒரு நாள் மறந்தால் மறுநாள் கடிகாரம் நின்றுவிடும். சாவி தொலைந்தால் கடிகாரக்காரரைத் தேடிப் போக வேண்டும்.

மறதியைவிடப் பெரிய தொல்லை தூசி. தினமும் மூடியைத் திறக்கும்போது கோட்டுப் பையில் உள்ள பஞ்சு, நூல், மூக்குப்பொடி எல்லாம் உள்ளே போக வழி கிடைக்கிறது. உள்ளே இருப்பதோ எண்ணெய் இட்ட அச்சுகள். எண்ணெயோடு தூசி சேர்ந்தால் அது பட்டறையில் உலோகத்தைத் தேய்க்கும் பசைக்குச் சமம். கடிகாரத்தின் ஆயுளை அதன் சாவித்துளையே குறைத்துக்கொண்டிருந்தது.

1770களில் சில கடிகாரத் தச்சர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கடிகாரத்தைச் சுமக்கும் மனிதர் நாள் முழுவதும் நடக்கிறார், படியேறுகிறார், குதிரையில் போகிறார். அந்த ஆட்டத்தில் துளியளவை எடுத்து, கடிகாரத்தை ஓட்டும் வில்லை (ஸ்பிரிங்கை) முடுக்கினால் என்ன? சாவியும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். இன்று ‘ஆட்டோமேட்டிக் வாட்ச்’ என்று கடையில் கேட்கிறோமே, அதன் வேர் கைக்கடிகாரத்தில் இல்லை; அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய பாக்கெட் கடிகாரத்தில் இருக்கிறது.

வில்லை யார் திருகுவது?

கடிகாரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு சிறிய உருளைப் பெட்டிக்குள் நீண்ட எஃகு நாடா ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மெயின் ஸ்பிரிங் என்பது அதுதான். சாவி கொடுப்பது என்றால் அதன் நடு அச்சைத் திருகி நாடாவை இறுக்குவது. இறுகிய நாடா விரியப் பார்க்கும்; விரியும்போது பெட்டியைச் சுழற்றும்; பெட்டியின் விளிம்பில் உள்ள பற்கள் அடுத்தடுத்த சக்கரங்களைத் தள்ளும். அந்த விசை ஒரே மூச்சில் வெளியேறிவிடாமல், ஊசல் போல முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் ஒவ்வொரு முறை ஆடும்போதும் ஒரு பல் மட்டும் நகர விடும் காவல்காரன் ஒருவனும் உண்டு. முட்கள் நகர்வதும் ‘டிக் டிக்’ சத்தமும் அவன் தயவு.

தானியங்கிக் கடிகாரம் இதில் எதையும் மாற்றுவதில்லை. நடு அச்சைத் திருகும் கை எது என்பது மட்டுமே கேள்வி. கேட்க எளிமையாக இருக்கிறது. செய்யப் போனால் மூன்று முட்டுக்கட்டைகள் வந்து நிற்கும்.

உடலின் ஆட்டம் முன்னும் பின்னுமானது. வில்லுக்குத் தேவை ஒரே திசைத் திருகல். உடல் தரும் ஒவ்வோர் அசைவும் மிகச் சிறியது, வில்லோ முரட்டுத்தனமானது. வில் நிறைந்த பிறகும் மனிதர் நடந்துகொண்டே இருப்பார். அவரிடம் போய் ‘போதும், உட்காருங்கள்’ என்று சொல்ல முடியாது.

முதல் சிக்கலுக்கான விடை நம் வீட்டுச் சைக்கிளில் இருக்கிறது. பெடலை முன்னால் மிதித்தால் பின் சக்கரம் சுற்றும். பின்னால் மிதித்தால் ‘கிர்ர்ர்’ என்ற சத்தம் மட்டும் வரும், சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஃப்ரீவீலுக்குள் சாய்ந்த பற்களும் அவற்றின் மேல் வழுக்கும் சிறு நாக்கும் இருப்பதால் இது நடக்கிறது. ஒரு திசையில் நாக்கு பல்லைப் பிடித்துக்கொள்ளும். மறு திசையில் பல்லின் முதுகில் ஏறித் தாண்டிவிடும். கடிகாரத்துக்குள்ளும் இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் அரிசி நொய் போல. உடலின் அசைவுக்கு ஏற்ப ஆடும் சிறு எடை ஒன்று உள்ளே உண்டு. அது இறங்கும்போது நாக்கு ஒரு பல்லைத் தள்ளும். எடை ஏறும்போது பேசாமல் திரும்பி வரும். இன்னொரு நாக்கு, தள்ளிய பல் பின்னால் நழுவாமல் காவல் நிற்கும்.

இரண்டாவது சிக்கலுக்குப் பல்சக்கர வரிசை. சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும், வலிமை கூடும். எடை பல நூறு முறை ஆடினால்தான் வில்லின் அச்சு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். சிறுகச் சிறுகச் சேர்ப்பது என்பதை இதைவிடக் கறாராகச் செய்யும் பொருள் வேறு இல்லை.

எவ்வளவு சேரும்? ஒரு பேச்சுக்கு எடை 10 கிராம் என்றும், ஒவ்வோர் அடிக்கும் அது 2 மில்லிமீட்டர் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் இறக்கத்தில் கிடைப்பது சுமார் 0.0002 ஜூல். ஆயிரம் அடி நடந்தால் 0.2 ஜூல். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை 2 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை, அவ்வளவுதான். உராய்வில் கொஞ்சம் போய்விடும். ஆனால் கடிகாரம் வெகு சிக்கனமான பிராணி. இந்தச் சில்லறைக் காசிலேயே பல மணி நேரம் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது சிக்கலுக்கு, வில் நிறைந்ததும் எடையையே பூட்டிவிடும் ஒரு தடுப்பு. வில் எத்தனை சுற்று இறுகியிருக்கிறது என்பதை எண்ணிக்கொண்டே வரும் ஒரு நெம்பு, கடைசிச் சுற்றில் எழுந்து எடையின் குறுக்கே வந்து நின்றுவிடும். அதன் பிறகு நீங்கள் ஓடினாலும் குதித்தாலும் எடை அசையாது. நிறைகுடம் தளும்பாது என்பது இந்த ஒரு பொறியில் சொல்லுக்குச் சொல் உண்மை. வில் சற்றுத் தளர்ந்ததும் தடுப்பு தாழும், எடை மறுபடி ஆடத் தொடங்கும்.

பைக்குள் இருக்கும் ஏற்றம்

இப்போது எடைக்கு வருவோம். மற்றதெல்லாம் கடிகாரத் தச்சருக்குப் பழகிய வேலை. புதுமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட மரம், ஓர் இடத்தில் அச்சு, ஒரு முனையில் பாரம். பாக்கெட் கடிகாரத்திலும் அப்படி ஒரு கை உண்டு. அதன் ஒரு முனை கடிகாரத்தின் ஓரத்தில் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். மறு முனையில் கேடயம் போலவோ நங்கூரம் போலவோ வளைந்த கனத்த உலோகத் துண்டு. கடிகாரம் பையில் நிமிர்ந்து நிற்கும்போது இந்தக் கை பக்கவாட்டில் நீண்டிருக்கும்.

அப்படியே விட்டால் என்ன ஆகும்? எடை கீழே விழுந்து அடியில் கிடக்கும். எத்தனை நடந்தாலும் எழாது. அதனால் அதன் கீழே வளைந்த மெல்லிய வில் ஒன்று முட்டுக் கொடுத்து நிற்கிறது. இந்த வில்லின் வலிமையை நிர்ணயிப்பதில்தான் தச்சரின் கை தெரியும். எடை மேலே ஒட்டிக்கொள்ளவும் கூடாது, கீழே படுத்துவிடவும் கூடாது. பாதி வழியில் மிதக்க வேண்டும்.

மிதக்கும் எடை ஒவ்வோர் அடிக்கும் தாழ்ந்து எழும். நடக்கும்போது நம் இடுப்பும் மார்பும் சில சென்டிமீட்டர் ஏறி இறங்குகின்றன. குதிகால் தரையில் பட்டதும் உடலின் இறக்கம் சட்டென்று நிற்கிறது. உடலோடு கடிகாரமும் நிற்கிறது. எடை நிற்பதில்லை, அது பாட்டுக்குக் கீழே போகிறது. இடுப்பில் குடம் வைத்து நடந்தால் தண்ணீர் ‘சளக்’ என்று தளும்புவதும் இதே காரணத்தால்தான். தாழ்ந்த எடையை முட்டுவில் மேலே தூக்கிவிடும். அடுத்த அடிக்கு அது தயார்.

வேகமாக நடந்தால் எடை விளிம்பில் போய் முட்டும். பொன்னோ பித்தளையோ, ஒரு நாளில் பல ஆயிரம் முறை முட்டினால் எதுவும் நசுங்கும். ஆகவே இரு பக்கமும் சிறு வில்கள், மெத்தை போல. பழைய தானியங்கிக் கடிகாரம் ஒன்றைக் காதருகே வைத்து லேசாக ஆட்டினால், டிக் டிக் சத்தத்துக்கு அடியில் ‘தொம்’ என்று மங்கலான இன்னோர் ஓசை வரும். எடை மெத்தையில் விழும் ஓசை அது.

எடை எந்த உலோகத்தில் செய்யப்படுகிறது என்பதும் சாதாரண விஷயமல்ல. கடிகாரத்துக்குள் இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச இடத்தில் எவ்வளவு கனத்தைத் திணிக்க முடியும் என்பதே பேச்சு. ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை சுமார் 8.5 கிராம். பொன் 19.3 கிராம். பிளாட்டினம் 21.4 கிராம். சிறந்த கடிகாரங்களில் பொன்னும் பிளாட்டினமும் எடையாகப் போனதற்குப் பகட்டு ஒரு காரணமாக இருக்கலாம். இந்தக் கணக்கு அதைவிடப் பெரிய காரணம்.

மலையூரில் ஒருவர், லியேஜில் ஒருவர்

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள லெ லோக்ல் என்ற ஊரில் ஆபிரகாம்-லூயி பெர்லே என்ற கடிகாரத் தச்சர் இருந்தார். 1729இல் பிறந்து 1826 வரை வாழ்ந்தவர். பக்கவாட்டு எடையுள்ள தானியங்கிக் கடிகாரத்தை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் அவர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. காலம் 1776இன் கடைசி அல்லது 1777இன் தொடக்கம். 1777இல் ஜெனீவாவின் கலைச் சங்கம் அதைப் பற்றிக் குறிப்பு எழுதியது: 15 நிமிடம் நடந்தால் 8 நாள் ஓடும்.

இந்த வரியைப் படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 நாள் என்றால் 11,520 நிமிடம். 15ஆல் வகுத்தால் 768. ஒரு நிமிட நடைக்குக் கிட்டத்தட்ட 13 மணி நேர ஓட்டம்! வியப்பாகத்தான் இருக்கிறது. சங்கத்தார் பார்த்ததை எழுதினார்களா, சொன்னதை எழுதினார்களா என்று என் மனம் கொஞ்சம் இழுக்கிறது. எப்படியானாலும், அலுவலகத்துக்கும் தேவாலயத்துக்கும் போய்வரும் நடையே ஒரு கடிகாரத்துக்குத் தாராளமாகப் போதும் என்பது தெளிவாகிவிட்டது.

பெர்லேயின் பெயரோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு: இன்றைய ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் முழு வட்டமாகச் சுழலும் அரைவட்ட எடை, அதாவது ரோட்டர். அதையும் அவரே கண்டுபிடித்தார் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், செய்தவர் பெயர் இல்லாத ரோட்டர் பாக்கெட் கடிகாரம் ஒன்று வெளிப்பட்டபோது, ஆய்வாளர்கள் அதைப் பெர்லேயின் கணக்கில் எழுதினார்கள். பிறகு வேறோர் ஆவணம் பேச்சுக்கு வந்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் நகரின் யூபேர் சார்த்தோன் என்பவர், 1778இன் இறுதியில் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு ஒரு கடிகாரத்தை அனுப்பியிருக்கிறார். கழகத்தின் அறிக்கையில் வரைபடத்தோடு விவரிக்கப்பட்டிருப்பது ரோட்டர்தான். கையெழுத்தில்லாத கடிகாரத்தைவிடத் தேதியுள்ள வரைபடம் உறுதியான சாட்சி என்பது என் தீர்ப்பு. பக்கவாட்டு எடை பெர்லேக்கு, ரோட்டர் சார்த்தோனுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். சுவிஸ்காரர்களில் சிலர் ஒப்பமாட்டார்கள்.

இந்த அறிக்கைக்குள் ஒரு வேடிக்கையும் ஒளிந்திருக்கிறது. நிற்காமல் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும் பொறி கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வருபவர்களின் தொல்லை தாங்காமல், 1775இல் இதே பாரிஸ் கழகம் ‘இனி அத்தகைய விண்ணப்பங்களைப் பார்க்கவே மாட்டோம்’ என்று கதவைச் சாத்தியிருந்தது. மூன்றே ஆண்டில், சாவி கொடுக்காமல் ஓடும் கடிகாரத்தைக் கையில் வாங்கி ஆராய்ந்தது. முரண் எதுவும் இல்லை. இந்தக் கடிகாரம் ஒன்றுமில்லாததிலிருந்து ஓடவில்லை; அதைச் சுமந்தவர் காலையில் தின்ற ரொட்டியிலிருந்து ஓடியது.

1780க்குள் ஐந்து வகைத் தானியங்கி அமைப்புகள் வந்துவிட்டன. பக்கவாட்டு எடை, நடுவில் அச்சு கொண்ட எடை, ரோட்டர் ஆகியவை தவிர, கடிகாரத்தின் முழு இயக்கப் பகுதியையே கூட்டுக்குள் ஆடவிட்டு அதையே எடையாகப் பயன்படுத்திய வகையும் உண்டு. ஊஞ்சலில் குழந்தையை ஆட்டுவதற்குப் பதில் வீட்டையே ஆட்டுவது போன்ற துணிச்சல். இத்தனையில் பாக்கெட்டில் நிலைத்தது பக்கவாட்டு எடை ஒன்றுதான்.

ஏன்? இன்று உலகம் முழுவதும் ரோட்டர்தானே இருக்கிறது, அது அன்று ஏன் தோற்றது? பை கடிகாரத்தை எப்படி வைத்திருக்கிறது என்று யோசித்தால் விடை கிடைக்கும். பாக்கெட் கடிகாரம் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். ரோட்டரின் எடை நடு அச்சிலிருந்து நேர் கீழே தொங்கும். நடையின் உலுக்கலும் மேலும் கீழுமாகவே வருகிறது. தொங்கும் ஊஞ்சலைச் சுற்றவைக்க வேண்டுமானால் பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். மேலிருந்து கீழே எத்தனை இழுத்தாலும் அது சுற்றாது. பக்கவாட்டில் நீட்டிய கைக்கு அதே மேல்கீழ் உலுக்கல் முழுப் பலனோடு கிடைக்கிறது. ஆக, ரோட்டர் மோசமான யோசனையல்ல. தவறான இடத்தில் பிறந்த யோசனை.

பிரெகேயும் அரசியின் கடிகாரமும்

யோசனையைக் கடிகாரமாக்கியது பலர். அதை நம்பகமான பொருளாக்கியவர் ஆபிரகாம்-லூயி பிரெகே. 1747இல் சுவிட்சர்லாந்தின் நொஷாத்தெலில் பிறந்தவர், 1775இல் பாரிஸில் சேன் ஆற்றின் ஓரம் கடை போட்டவர். 1777 முதலே தானியங்கி முறைகளைத் தன் வழியில் சோதித்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் அமைப்பு ஓடியது, ஆனால் செய்து விற்கக் கட்டுப்படியாகவில்லை. பெர்லேயின் பக்கவாட்டு எடை காதுக்கு எட்டியதும் அதைத் தன் அமைப்போடு சேர்த்துக்கொண்டார். தான் செய்த இந்த வகைக்கு அவர் வைத்த பெயர் ‘பெர்பெத்துயெல்’. நிரந்தரமாக ஓடுவது என்று பொருள். கதவைச் சாத்திய கழகத்தார் இந்தப் பெயரைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தியிருக்கலாம்.

நல்ல பெர்பெத்துயெல் ஒன்றின் முகத்தைப் பார்த்தால் வழக்கமான முட்களோடு 60 மணி நேரம் வரை குறித்த சிறு வட்டம் ஒன்றும் இருக்கும். வில்லில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லும். வண்டியின் பெட்ரோல் முள் மாதிரி. சாவி கொடுக்கும் பழக்கத்திலிருந்து விடுபட்டவருக்கு இது அவசியம். தானே திருகினால் நிறைந்தது விரலுக்குத் தெரியும்; கடிகாரம் தானே நிரப்பிக்கொண்டால் எப்படித் தெரியும்?

பிரெகே ஒரு வில்லுக்குப் பதில் இரண்டு வில் பெட்டிகள் வைத்தார். ஒரே தடித்த வில்லை இறுக்க எடையின் சின்னஞ்சிறு உந்தல் போதாமல் போகலாம். மெல்லிய இரண்டு வில்கள் இணங்கிக் கொடுக்கும். இதில் வேறொரு நுணுக்கமும் உண்டு. அக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் வில் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் நடுவே ஒரு கூம்பும், அதைச் சுற்றிய மிக மெல்லிய சங்கிலியும் இருந்தன. வில் தளரத் தளர விசை குறையாமல் பார்த்துக்கொள்வது கூம்பின் வேலை. ஆனால் சாவி கொடுக்கும்போது கூம்பு பின்னோக்கிச் சுற்றும். தனி ஏற்பாடு செய்யாவிட்டால் அத்தனை நேரமும் கடிகாரத்துக்கு விசை வராது. நாளுக்கு ஒரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நொடிக்கொரு முறை முடுக்கப்படும் கடிகாரத்துக்குச் சரிவருமா? கூம்பை விட்டுவிட்டு வில் பெட்டியே நேரடியாகச் சக்கரத்தைத் தள்ளினால், நடு அச்சு வழியாக வரவு, பெட்டியின் விளிம்பு வழியாகச் செலவு. ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

வாங்கியவர்கள் சாமானியர்கள் அல்லர். 1780இல் ஆர்லியான் கோமகன், 1782இல் அரசி மாரி அந்துவானெத். எகிப்துப் படையெடுப்புக்குப் புறப்படும் முன் 1798இல் நெப்போலியன் பிரெகேயிடம் வாங்கிய மூன்று பொருள்களில் ஒன்று பெர்பெத்துயெல். படை நடத்துபவருக்குத் தானியங்கிக் கடிகாரம் பொருத்தம்தான். நடைக்குப் பஞ்சமே இல்லை.

அரசியின் பெயரில் அறியப்படும் கடிகாரத்தின் கதை தனி. 1783இல் அரசியின் காவற்படை அதிகாரி ஒருவர் வந்து, அன்று தெரிந்த எல்லா நுட்பங்களும் கொண்ட ஒன்றைச் செய்யச் சொன்னார் என்பது வழிவழி வந்த செய்தி. செலவுக்கு வரம்பில்லை, காலத்துக்கும் வரம்பில்லை. முடிந்த இடத்திலெல்லாம் மற்ற உலோகத்துக்குப் பதில் பொன். தானியங்கி எடை பிளாட்டினத்தில். உறுப்புகள் 823, குறுக்களவு 63 மில்லிமீட்டர். காலத்துக்கு வரம்பில்லை என்றதைக் காலம் அப்படியே எடுத்துக்கொண்டது. 1793இல் அரசியின் தலை போனது. 1823இல் பிரெகே இறந்தார். 1827இல்தான் கடிகாரம் முடிந்தது. முடித்தவர் அவர் மகன்.

160 என்ற எண்ணால் குறிக்கப்படும் அந்தக் கடிகாரம் பல கை மாறி, டேவிட் சாலமன்ஸ் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளரின் தொகுப்போடு எருசலேமின் எல்.ஏ. மாயர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1983 ஏப்ரலில் அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கடிகாரங்களோடு திருடு போனது. திருடியவன் இறந்த பிறகு, அவன் மனைவியின் வழக்குரைஞர் மூலம் அதுவும் வேறு பல கடிகாரங்களும் திரும்பி வந்தன. 2007இல் செய்தி வெளியே தெரிந்தது. நடந்தால் ஓடும் கடிகாரம் 20 ஆண்டுக்கு மேல் யாருடைய பையிலும் ஏறாமல் மறைவில் கிடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த வகைக்கு ‘பெடோமீட்டர் முறைக் கடிகாரம்’ என்ற பெயர் நிலைத்தது. நடையை எண்ணும் கருவியிலும் இதே மாதிரி ஆடும் எடைதான் இருந்தது. லூயி ரெகோர்டோன் என்பவர் 1780இல் லண்டனில் காப்புரிமை வாங்கினார். அந்தக் காப்புரிமையில் பெர்லேயின் எடையும் பிரெகேயின் வில் பெட்டி ஏற்பாடும் சேர்ந்தே இருக்கின்றன. லண்டன் போனவர் கையை வீசிக்கொண்டு போகவில்லை.

சாவியைக் கொன்றது குமிழ்

இவ்வளவு சிறப்பாக இருந்தும் தானியங்கிப் பாக்கெட் கடிகாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்ல மறைந்தது. விலை ஒரு காரணம். நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவரின் பையில் அது நின்றுபோனது இன்னொன்று. முக்கியமான காரணம், சாவி என்ற நோய்க்கு வேறோர் எளிய மருந்து வந்ததுதான். 1840களில் அட்ரியன் பிலிப் என்ற பிரெஞ்சுக்காரர், கடிகாரத்தின் தலையில் உள்ள குமிழைத் திருகியே முடுக்கவும் நேரம் திருத்தவும் வழி செய்தார். மூடியைத் திறக்க வேண்டாம், சாவி தேட வேண்டாம். நாளுக்குப் பத்து விநாடி வேலைக்காக யார் பிளாட்டினம் வாங்குவார்கள்?

அதே பிலிப் 1863இல் இன்னொன்றுக்கும் காப்புரிமை பெற்றார்: வழுக்கும் மெயின் ஸ்பிரிங். வில்லின் வெளிமுனையைப் பெட்டிச் சுவரில் கொக்கி போட்டு மாட்டாமல், சுவரை அழுத்திப் பிடிக்கும் பட்டை ஒன்றில் இணைத்தார். வில் நிறைந்ததும் பட்டை சுவரோரம் வழுக்கிவிடும், மேற்கொண்டு இறுகாது. எண்ணிக்கொண்டே வந்து எடையைப் பூட்டும் அந்தப் பழைய நெம்புக்கெல்லாம் இனி வேலை இல்லை. தானியங்கியை ஓரங்கட்டிய மனிதரே பிற்காலத் தானியங்கிக்கு மிகத் தேவையான உறுப்பையும் செய்து வைத்துவிட்டுப் போனார்.

இடையில் ஓர் அழகான கிளைப்பாதையும் உண்டு. 1926இல் மோவாடோ நிறுவனம் ‘எர்மெட்டோ’ என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. தீப்பெட்டி போல இரண்டு பாதியாக இழுத்துத் திறக்கும் கூடு. அதன் ஒரு வகையில், மணி பார்க்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வில் கொஞ்சம் முடுக்கப்படும். அடிக்கடி மணி பார்ப்பவரின் பொறுமையின்மையை எரிபொருளாக்கிய கடிகாரம்!

முதல் உலகப் போருக்குப் பிறகு கடிகாரம் பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. இங்கிலாந்தின் ஜான் ஹார்வுட், 1923இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்துச் செய்த தானியங்கிக் கைக்கடிகாரத்தில் எடை முழுவதும் சுற்றாது; கொஞ்ச தூரம் மட்டும் போய், வில் மெத்தையில் முட்டித் திரும்பும். பாக்கெட் கடிகாரத்தின் அதே பழக்கம். அவருடைய கவலையும் பழையதுதான்: தூசி. குமிழ்த்துளை வழியாகத் தூசி போகிறது என்று குமிழையே எடுத்துவிட்டார். முகப்பு விளிம்பைச் சுழற்றித்தான் முள்ளைத் திருத்த வேண்டும்.

‘பம்பர்’ என்று அழைக்கப்படும் இந்த வகையில் பழைய கைக்கடிகாரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கையைச் சட்டென்று திருப்பினால் மணிக்கட்டில் யாரோ மெதுவாகத் தட்டுவது போலிருக்கும். ஒருமுறை சுத்தம் செய்யக் கொடுத்தேன். பின்மூடியைக் கழற்றிப் பார்த்த ரிப்பேர்காரர், ‘ரோட்டர் பாதியில் மாட்டிக்கொள்கிறது சார், இந்த ரெண்டு ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டால் நன்றாகச் சுற்றும்’ என்றார். மெத்தையைத்தான் எடுக்கப் பார்த்தார். இடுக்கி உள்ளே இறங்கும் நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

1931இல் ரோலெக்ஸ் முழு வட்டமாகச் சுழலும் ரோட்டரைக் கைக்கடிகாரத்தில் வைத்தது. 1948இல் எட்டெர்னா அதைச் சிறு குண்டுகள் மேல் உருளவிட்டது. சார்த்தோனின் வரைபடத்திலிருந்து இவர்கள் எடுத்தார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. அதே தீர்வு இரண்டாம் முறையாகப் பிறந்திருக்கிறது, இந்த முறை சரியான இடத்தில். மணிக்கட்டு பையைப் போல நிமிர்ந்து நிற்பதில்லை. தேநீர் குடிக்கும்போது, கதவைத் திறக்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது ஒவ்வொரு விதமாகத் திரும்புகிறது. ‘கீழே’ என்பது கடிகாரத்துக்கு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. எடை அதைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பின்பக்கம் கண்ணாடி வைத்த ஆட்டோமேட்டிக் வாட்ச் வீட்டில் இருந்தால் இதை நேரில் பார்க்கலாம். குமிழ் மேலே இருக்குமாறு நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, கண்ணாடிப் பக்கம் உங்களைப் பார்க்க, கூடத்தில் நாலு நடை நடந்து பாருங்கள். ரோட்டர் கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி அடியில் தொங்கிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் லேசாக நடுங்கும், சுற்றாது. பிறகு அதே இடத்தில் நின்றுகொண்டு மணிக்கட்டை ஒரே ஒரு முறை திருப்புங்கள். ‘விர்ர்’ என்று ஒரு சுற்றுப் போய் வரும்.